பல் இறக்கிய பின்

கல்லாறிலிருந்து குன்னூர் வரை
எங்கள் ரயில் பல்லால் ஏறுகிறது.
தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல்வரிசையை
ஒவ்வொன்றாய்க் கவ்விக் கவ்வி.
நான் பிரேக் பிடிப்பவன்.
பெட்டியின் முகப்பில் நின்று
பத்தொன்பது வருஷமாய்
வேகத்தைக் குறைத்துச் சம்பாதிக்கிறவன்.

தையல் மெஷினுக்கும் பல் உண்டென்று
போன ஆடியில்தான் தெரிந்தது.
(மாற்றலாகிப் போனவர் வீட்டில் பாதி விலைக்கு வாங்கியது.
அந்தக் காசுக்கு நாலு போர்வை வாங்கியிருக்கலாம்.)
ஊசித் தட்டுக்குக் கீழே இரண்டு வரிசை.
துணியை அவைதான் தள்ளுகின்றன,
நாம் தள்ளுவதாய் நினைத்துக்கொள்கிறோம்.
பின்பக்கம் ஒரு குமிழ்.
நகர்த்தினால் பல் உள்ளே போய்விடும்.
அப்புறம் துணி எங்கேயும் போகாது.
எங்கே வேண்டுமானாலும் போகும்.

முதல் நாள் ஒரு இலை போட உட்கார்ந்தேன்.
வந்தது உருளைக்கிழங்கு.
இரண்டாவது இலை,
முளைவிட்ட உருளைக்கிழங்கு.
திருப்பினால் அடிப்பக்கம்
வளைவுதோறும் நூல் இழுபட்டுக்
கண்ணிமை கண்ணிமையாய் நின்றது.
'கை ஓடுது, கால் தூங்குது'
என்றாள் ஜெசிந்தா, குருமாவை இறக்கிக்கொண்டே.
மெஷினை அவள் தொட்டதே இல்லை.
சத்தத்தை வைத்துச் சொன்னாள்.

கையும் காலும் ஒரே வேகம்.
கேட்க எளிது.
மழையில் ரன்னிமேட்டுக்கு இறங்கும்போது
நாலு பெட்டியில் நாலு பேர்
ஒரே சமயம் பிரேக் போடுகிற மாதிரி.
ஒருவன் பிந்தினால் எல்லார் முதுகிலும் இடி.

டூட்டித் தாளின் பின்புறம்
பேனாவை எடுக்காமல் வரைந்து பழகினேன்.
கோலமில்லை, புள்ளி கிடையாது.
கோடு தன்னையே வெட்டக்கூடாது,
மூலைக்குள் போய் மாட்டிக்கொள்ளவும் கூடாது.
போஜன் எட்டிப் பார்த்து
'என்னண்ணே, குடல் வரையறீங்க?' என்றான்.

மேல்துணி, கணக்கில் கழித்த கொடிகள்.
வெளுத்த பச்சை, புகையேறிய சிவப்பு,
சதுரமாய் வெட்டி ஒட்டுப்போட்டது.
உள்ளே பஞ்சு. அடியில் ஃபிளானல்.
மூன்றும் நழுவாமலிருக்க நூறு ஊக்கு.
கையில் தோட்டக்காரர் போடும் ரப்பர்ப் புள்ளி உறை.

கார்த்திகையில் மண் சரிந்து
மூன்று நாளாய் வண்டி இல்லை.
ஜன்னலுக்கு வெளியே குன்னூரே இல்லை, பனிமூட்டம்.
பல்பு மங்கி மங்கி எரிந்தது.
அன்றைக்குக் கை என்னைக் கேட்காமல் ஓடியது.
இலை, காம்பு, ஒரு சுருள், மறுபடி இலை,
சிவப்பிலிருந்து பச்சைக்கு நிற்காமல்.
ஊசியை நான் பார்க்கவில்லை,
அது அடுத்துப் போகிற இடத்தைப் பார்த்தேன்.
டீ ஆறி ஆடை கட்டியது.
நிறுத்தித் துணியைத் தூக்கினால்
மேல்நூல் அப்படியே கழன்று
சேமியாவாய் மடியில் விழுந்தது.

பாபின் எப்போதோ தீர்ந்திருக்கிறது.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
டார்ச்சை எடுத்துவந்து
துணியின்மேல் சாய்த்துப் பிடித்தாள்.
துளைகள். துளைகளால் ஆன இலைகள்.
ஒரு கிழங்குகூட இல்லை.
துளைக்குத் துளை, எள்ளை எண்ணி வைத்தமாதிரி
ஒரே இடைவெளி.

பாபினைச் சுற்றிப் போட்டு
அதே துளைகளில் இறங்கிப் பார்த்தேன்.
இரண்டாவது இலையில் தடம் புரண்டேன்.
போன வழியைப் பார்த்துக்கொண்டே போனால்
கை இருட்டில் செருப்புத் தேடுகிறது.

ஒரு முறை நனைத்தால் துளை மூடிக்கொள்ளுமாம்.
அந்தக் கட்டத்தை மட்டும்
இன்னும் நனைக்கவில்லை. தைக்கவுமில்லை.
பஞ்சு அங்கே கொஞ்சம் உப்பித் தெரிகிறது.

இன்று வண்டி விட்டார்கள்.
குன்னூரோடு பல்வரிசை முடிந்துவிடும்,
மேலே ஊட்டி வரை
வழவழப்பான இரும்பின்மேல் வெறும் சக்கரம்.
இத்தனை வருஷம் எனக்கு அது
கொட்டாவி விடுகிற தூரம்.
போஜனுக்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டுத்
தற்செயலாய்க் குனிந்தேன்.
பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டிய கை
கம்பியின்மேல் ஈரத்தில்
இலை போட்டுக்கொண்டிருந்தது.
அரவங்காடு வரும்வரை
நான் அதைக் கூப்பிடவில்லை.